நான் பிடிக்காத சக்கரம்

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷமாக ஊரில் உள்ளவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் நம்பியதில்லை. என் மனைவிக்கோ அவர் இல்லாமல் அடுப்பே பற்றாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஆண்டவர் கொடுத்தார். தொலைந்த சாவி கிடைத்தால் ஆண்டவர் காட்டினார். தொலைத்தது யார் என்று கேட்டால் மட்டும் என்னைப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைச் சபையின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பேன். உள்ளே வா என்று அவள் நச்சரித்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அழுதாள். அப்போது வாய்க்கொழுப்பில் ஒன்று சொல்லிவைத்தேன். உங்கள் ஆண்டவர் என் கண் முன்னால் ஒன்று செய்து காட்டட்டும். டாக்டர் தலையிலோ அதிர்ஷ்டத்தின் தலையிலோ கட்டித் தப்பிக்க முடியாதபடி காட்டட்டும். அன்றைக்கே வந்து முழுகுகிறேன் என்றேன். ஞானஸ்நானத்தை நான் முழுக்கு என்றுதான் சொல்வேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் அவள் அதையே கேட்டு ஜெபம் செய்துவந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் ஒன்று எட்டு மாடி. பழைய லிஃப்ட், ஆறு பேர் ஏறலாம். எட்டாம் மாடியில் இருக்கும் அக்கா என் மனைவியின் சபைக்காரி. சனிக்கிழமை காலைகளில் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும்.

லிஃப்டுக்கு அடியில் இரண்டு இரும்புக் கவ்விகள் இருக்கும். லிஃப்ட் தறிகெட்டு இறங்கினால், மொட்டைமாடி மெஷின் ரூமில் இருக்கும் கவர்னர் என்ற கருவி அதைக் கண்டுகொண்டு ஒரு கம்பிவடத்தைப் பிடித்து இழுக்கும். உடனே கவ்விகள் எழும்பி இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கடித்துக்கொள்ளும். பிரேக் போனாலும் உயிர் போகாமல் காப்பது அதுதான். அந்தக் கட்டடத்தில் கவர்னரின் ஸ்பிரிங் தளர்ந்துபோய், லிஃப்ட் ஒழுங்காகப் போகும்போதே கவ்விகள் கடித்து அது நின்றுகொண்டிருந்தது. ஒரே வாரத்தில் மூன்று தடவை. புது ஸ்பிரிங் திங்கட்கிழமைதான் வரும். அதுவரை லிஃப்டைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. லிஃப்டின் உச்சியிலிருந்து கவ்வியை எழுப்பும் நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் அது எழும்பவே எழும்பாது, லிஃப்டும் நிற்காது. எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்போம், யாரும் செய்ததாக ஒத்துக்கொள்ளமாட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி, நாளைக்கு மட்டும் லிஃப்டை நிறுத்திவிடாதீர்கள், எட்டு மாடி என் முட்டிக்கு ஆகாது என்று சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் போய்க் கம்பியைக் கட்டினேன். மின்சாரம் போனாலும் பிடித்துக்கொள்ளும் பிரேக் இருக்கிறதே என்ற தைரியம். கியர்பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக் டிரம்மில் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் குனியவில்லை.

சனிக்கிழமை காலை அவளை அந்த லிஃப்டில் ஏற்றிவிட்டு, பதினொரு மணிக்குக் கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மின்சாரம் போனது. கடைக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து ஏதோ திட்டினார். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே வாட்ச்மேன் ஓடிவந்தார். லிஃப்ட் கீழே விழுகிறது, உள்ளே ஆறு பேர், எல்லாம் ஜெபத்துக்கு வந்தவர்கள் என்றார். மேலேயிருந்து அலறல் இறங்கி வந்ததைக் கேட்டாராம். ஏழாவது மாடியிலிருந்து வந்த அலறல், இரண்டாவது மாடிக்குச் சற்று மேலே சட்டென்று நின்றுபோனதாம்.

இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீங்க மெதுவா ஏறுங்க, உங்களுக்கு மூச்சு வாங்கும்."

நான் மேலே போய்ச் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள் என்று வாட்ச்மேனிடம் கத்திவிட்டுப் படியேறினேன். கவ்வியைக் கட்டியிருக்கிறேன், பிரேக்தான் பிடித்திருக்க வேண்டும், பிரேக்தான் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். நான் ஏறிய வேகத்துக்கு அன்றைக்குச் செத்திருக்க வேண்டியது நான்.

மெஷின் ரூமில் முதல் வேலையாக டிரம்மைத் தொட்டேன். விரல் வழுக்கியது. பிரேக் கட்டைகள் இரண்டும் எண்ணெயில் ஊறிப் பளபளத்தன. அது குழந்தையின் நடைவண்டியைக்கூட நிறுத்தியிருக்காது.

கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டின் மறுமுனையில் எதிர் எடை ஒன்று தொங்கும். மூன்று பேர் உள்ளே இருந்தால் இரண்டு பக்கமும் சமம், பிரேக் இல்லாமலே நிற்கும். ஆறு பேர் இருந்தால் லிஃப்ட் கனம், பிடிக்க ஆள் இல்லாவிட்டால் கீழே போகும். காலி என்றால் எதிர் எடை கனம், லிஃப்ட் மேலே போகும். உள்ளே இருந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர், நான் ஒன்றரை என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் சபைப் பெரியவர். அவரை ஒரு ஆளாக எண்ணுவது தராசுக்குச் செய்யும் துரோகம். இந்தக் கனத்தோடு ஐந்து மாடி வழுக்கி வந்த லிஃப்ட், கீழே தரையில் மோதாமல் நின்றுகொண்டிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில், லிஃப்ட் நகர்ந்தால் கூடவே சுற்றும் கைச்சக்கரமும் நின்றுகொண்டிருந்தது. அதன் விளிம்பில் நான் போட்ட மஞ்சள் கோடு நேர் மேலே இருந்தது.

அப்போது வடங்கள் இறங்கும் துளை வழியாக வாட்ச்மேனின் குரல் கேட்டது. மனுஷர் கதவைத் திறந்துவிட்டார். ஸ்டூல் போட்டு ஆட்களை இறக்குகிறார். ஒண்ணு என்று எண்ணுகிறார்.

நான் துளையில் வாயை வைத்து வேண்டாம் என்று கத்தினேன். கீழே போட்ட கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் என் கூட்டாளி போனது இப்படித்தான். குள்ளன் என்று கூப்பிடுவேன், என்னைவிட உயரம். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது லிஃப்ட் நகர்ந்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்று நாளும் என் மனைவி வராந்தாவில் முழங்காலில் நின்றாள். அவன் பெண்டாட்டி இவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் காலையில் போய்விட்டான்.

சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டால் ஒரு ஆள் அதை நிறுத்திவைக்க முடியும், அதற்குத்தான் அது இருக்கிறது. நான் பிடிக்கவில்லை. கை எழவில்லை. நின்றுகொண்டிருப்பதைத் தொட்டு நகர்த்திவிடுவேனோ என்ற பயமா, வேறு ஏதாவதா, எனக்கே தெரியாது. முப்பத்தோரு வருஷ அனுபவம் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டைப் பார்த்து நின்றது.

ரெண்டு என்றார். மூணு என்றார். மூன்று பேர் இறங்கியாயிற்று, இப்போது ஏறக்குறைய சமம், நிற்கலாம், நியாயம். நாலு என்றார். அது ஒன்றரை, கூச்சலை வைத்தே கண்டுபிடித்தேன். இனி எதிர் எடையின் பக்கம் கனம், லிஃப்ட் மேலே போக வேண்டும். மஞ்சள் கோடு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அஞ்சு. கடைசியாக இருப்பது என் மனைவிதான் என்று எனக்குத் தெரியும். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுத்தான் அவள் எங்கேயும் இறங்குவாள். முட்டி வலியோடு ஸ்டூலில் காலை வைக்கிறாள், மெதுவா அக்கா மெதுவா என்கிறார் வாட்ச்மேன், எவ்வளவு நேரம் ஆயிற்றென்று சொல்ல முடியாது. பிறகு ஆறு என்றார்.

அவர் ஆறு என்று சொன்ன பிறகுதான் சக்கரம் சுற்றியது. தானாக, முதலில் மெல்ல, அப்புறம் வேகமாக. காலி லிஃப்ட் ஆளில்லாமல் மேலே ஏறி வந்து எனக்குக் கீழே முட்டி நின்றது.

எட்டாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து லிஃப்டுக்குள் நுழைந்து, கூரைத் திறப்பு வழியாக அதன் உச்சிக்கு ஏறினேன். என் கட்டுக்கம்பி நான் முறுக்கிய முறுக்கு அவிழாமல் அப்படியே இருந்தது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். கவ்விகளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அவை எதையும் கடிக்கவில்லை. எதுவும் எதையும் பிடித்திருக்கவில்லை. கம்பியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கீழே வருவதற்குள் கதை தயாராகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் மேலே போய்ச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார், கடைசி ஆள் இறங்கியதும்தான் விட்டார் என்று வாட்ச்மேன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போவதற்கு முன்னால் நின்றதே அது எப்படி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கவ்வி இருக்கிறதல்லவா என்று படித்தவர்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பரிசோதகர் வந்தபோது நான் ஸ்பிரிங் மாற்றி, பிரேக்கைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். பாதுகாப்புக் கவ்விகள் முறையாக வேலை செய்தன, மெக்கானிக்கின் சமயோசிதம் பாராட்டத்தக்கது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். போதகர் நல்ல மனிதர், மெல்லிய குரல். ஆண்டவர் அற்புதம் செய்தார், ஒரு தொழிலாளியின் கைகளைக் கொண்டு செய்தார் என்று பிரசங்கித்தாராம். அதாவது கண்ணால் பார்க்காத அறுபது பேர் பாதி அற்புதத்தை நம்பினார்கள். முழுதாகப் பார்த்தவன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் சீட்டுக்கே ஆண்டவரைக் கூப்பிடுகிறவள், இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், என் வீட்டுக்காரர்தான் பிடிச்சார் என்று சொன்னாள். சாப்பிடும்போது என் கையைப் பார்ப்பாள். ஒருநாள் உள்ளங்கையைத் திருப்பி, காயம் எதுவும் படவில்லையா என்று தடவிக்கூடப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு மரியாதை எனக்கு அந்த வீட்டில் கிடைத்ததில்லை. கிடைத்தது எதற்கு என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

சும்மா இருக்க முடியாமல், பராமரிப்பு என்று போர்டு மாட்டிவிட்டு அந்த லிஃப்டில் இரும்புப் படிக்கற்களை ஏற்றினேன். ஆறு பேர் எடை, ஒன்றரைக்குக் கூட ஒரு கல். மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைக் கையால் விலக்கினேன். உடனே இறங்கியது, கவ்வி கடித்து நின்றது. சரிசெய்து மறுபடி. மறுபடி இறங்கியது. ஏழு தடவை செய்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது சும்மா நின்றிருந்தால் போதும், ஏதோ துரு, ஏதோ இறுக்கம் என்று சொல்லி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஏழு தடவையும் இறங்கியது. அன்றைக்கு என் முன்னால் நடந்தது என்னவென்று எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துபோனது.

தெரிந்ததே, அத்தோடு நம்பிக்கையும் வர வேண்டியதுதானே. நானும் காத்திருந்தேன். இரண்டு ஞாயிறு யாருக்கும் சொல்லாமல் வேறொரு சபையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பாடினார்கள், அழுதார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது, அதன் கொக்கி எப்போது விழும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஆளில்லாத மத்தியானம் முழங்கால் போட்டுப் பார்த்தேன். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். குள்ளனின் பெண்டாட்டி முகம்தான் வந்தது. எழுந்துவிட்டேன்.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் போதகர் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் பேசவே வேண்டாம், பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். கட்டுக்கம்பியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், மஞ்சள் கோடு, தொங்கிய கை, விரல் நுழையும் இடைவெளி, ஏழு தடவை ஏற்றிய கற்கள். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் லிஃப்டை நிறுத்தாதீங்கன்னு சொன்னதாலயா கட்டினீங்க?"

அதனாலயும்தான் என்றேன்.

"கட்டினது தெரிஞ்சும் என்னை ஏத்தி விட்டீங்க."

ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் சட்டையின் காலரையே நீவிக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நான் அஞ்சியது வந்தது, சந்தோஷம். உள்ளேயிருந்து விளக்கை ஏற்றிவைத்தது போல.

"அப்போ உங்க கண்ணு முன்னாலயே செஞ்சிருக்கார். உங்களுக்கு மட்டும்."

ஆமாம் என்றேன்.

"யார் தலையிலயும் கட்ட முடியாது."

முடியாது, முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன் என்றேன்.

இருபத்தாறு வருஷமாக அதைத்தான் கேட்டேன் என்று அப்போதுதான் சொன்னாள். கையை என் கைமேல் வைத்தாள்.

"நம்பறீங்கதானே?"

ஒரு வார்த்தை. உம் என்று தலையாட்டினால்கூடப் போதும். வாடிக்கையாளரிடம் நாளைக்கு வருகிறேன் என்று தினம் பத்துப் பொய் சொல்கிறவன் நான். அவளுக்காக ஒன்று சொல்லக் கூடாதா. சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"அவர் இருக்கார்னு தெரியும்," என்றேன். "பிடிக்கத் தெரிஞ்சவர்னும் இப்ப தெரிஞ்சுபோச்சு. அதான் என்னால முடியல. முன்னாடி அங்க யாருமே இல்லைன்னு நினைச்சேன், குள்ளன் போனதை எப்படியோ தாங்கிக்கிட்டேன். நீ மூணு நாள் கேட்டே. என் கம்பிக்குப் பிடிச்ச கை அவனுக்கு ஏன் பிடிக்கல?"

அவளிடம் பதில் இருக்கும் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள். கை மட்டும் என் கைமேலேயே இருந்தது.

வேண்டுமானால் நாளைக்கே வந்து முழுகுகிறேன், வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். வேண்டாம் என்றாள். நம்பாமல் முழுகினால் நனைந்துதான் வருவீர்கள் என்றாள். கேலி இல்லை, துணியைப் பற்றிச் சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். நாளைக்குச் சாட்சிக்கு எழுந்து என்ன சொல்வது என்று அவளே கேட்டுக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன். நான் பிடித்தேன் என்று சொன்னால் அவருடைய மகிமையை எடுத்துத் திருடனுக்குக் கொடுத்ததாக ஆகும். உடம்பு சரியில்லை என்று போதகருக்குச் சொல்லிவிடலாம் என்று கடைசியில் அவளே முடிவு செய்தாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

இஸ்திரிப் பெட்டி சூடாக நின்றுகொண்டிருந்தது. எழுந்து போய் அதன் சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடாத லிஃப்ட் முன்னால் நின்று, இனி என்ன பண்ணலாம் என்று ஜனங்கள் என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"இத்தனை வருஷமும் ஒண்ணுதான் கேட்டேன். இவருக்கு ஒரு தடவை காட்டுங்கப்பான்னு. காட்டிட்டார்," என்றாள். "இனிமே உங்களுக்காக நான் என்னன்னு கேக்கறது?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள், என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.